வந்ததைத்தான் அனுப்பினேன்
வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் பௌத்த இல்லறத்தார் ஏற்கும் பஞ்சசீலம் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தேன். கொல்லாமை, கொடாததை எடுக்காமை, தவறான காமத்திலிருந்து விலகல், பொய்யாமை, மயக்கும் பொருளைத் தவிர்த்தல் என்னும் அந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு இன்றைய வாழ்க்கையை எப்படி நடத்துவது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே என்று எல்லாச் சமயங்களும்தாம் சொல்கின்றன. பௌத்தம் புதிதாக என்ன சொல்லிவிட்டது? இன்றைய சிக்கல்களுக்கு இந்தப் பழைய விதிகள் எப்படிப் பொருந்தும்? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: நாற்பது வயதுக்கு மேல்தான் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியைப் படிக்கத் தொடங்கினேன். அதுவரை நானும் இவற்றைக் கட்டளைகள் என்றே நினைத்திருந்தேன். முதல் சீலத்தை மூலத்தில் படித்தபோது ஒரு வினைச்சொல் என்னை நிறுத்தியது. ‘பாணாதிபாதா வேரமணீ சிக்காபதங் ஸமாதியாமி.’ உயிரைப் பறிப்பதிலிருந்து விலகியிருக்கும் பயிற்சி நெறியை ஏற்கிறேன் என்பது இதன் பொருள். ‘ஏற்கிறேன்’ என்பது தன்மை ஒருமை. ‘கொல்லாதே’ என்று மேலிருந்து ஆணையிடும் குரல் அதில் இல்லை. ‘சிக்கா’ என்றால் பயிற்சி. தவறினால் மறுநாள் காலை மீண்டும் ஏற்றுக்கொள்ளலாம். உலகெங்கும் பௌத்த இல்லறத்தார் இவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்பது அதனால்தான்.

இன்னொன்று. புத்தரின் உபதேசத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தின் எட்டாம் தொகுதியில் இந்த ஐந்தையும் புத்தர் ஐந்து பெருந்தானங்கள் என்கிறார். கொலையை விட்டவர் கணக்கற்ற உயிர்களுக்கு அச்சமின்மையைக் கொடுக்கிறார். பகையின்மையையும் துன்பமின்மையையும் கொடுக்கிறார். தாமும் அவற்றில் பங்கு பெறுகிறார். மற்ற நான்குக்கும் இதே சொற்கள். நான் எந்தச் சிக்கலையும் இங்கிருந்துதான் பார்க்கிறேன். என் செயலால் எதிரில் இருப்பவருக்கு அச்சம் குறைகிறதா, கூடுகிறதா? கைப்பேசியின் முன்னும் இந்தக் கேள்வி செல்லும், அலுவலகத்திலும் செல்லும்.

தமிழில் இந்த ஐந்தையும் இரண்டே அடிகளில் அடக்கியது மணிமேகலை: ‘கள்ளும் பொய்யும் காமமும் கொலையும் உள்ளக் களவும்’. களவு என்று விட்டுவிடாமல் ‘உள்ளக் களவு’ என்று எழுதிய அந்தக் கை எனக்கு மிகவும் பிடித்தமானது. கை நீளுவதற்கு முன்பே களவு தொடங்கிவிடுகிறது.

கேள்வி: எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், குழந்தை கடத்துபவர் என்று ஒருவருடைய புகைப்படத்துடன் ஒரு செய்தி வந்தது. வேறு மூன்று குழுக்களுக்கு அதை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அது முழுப் பொய் என்று தெரிந்தது. அதற்குள் அந்த மனிதரைத் தெருவில் சிலர் சூழ்ந்து மிரட்டியிருக்கிறார்கள். நான் எதையும் இட்டுக்கட்டவில்லை, வந்ததைத்தான் அனுப்பினேன். நான் செய்தது பொய்யா? (இரண்டு குழந்தைகளின் தந்தை)

பதில்: கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். பொய் நிறைவேற நான்கு உறுப்புகள் வேண்டும் என்பது பாலி உரையாசிரியர்களின் கணக்கு: செய்தி உண்மையற்றதாக இருக்க வேண்டும், ஏமாற்றும் எண்ணம் வேண்டும், அதற்கான முயற்சி வேண்டும், கேட்பவர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்களிடம் இரண்டாவது இல்லை. ஆகவே அந்தக் கணக்கின்படி நீங்கள் பொய் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். புத்தர் வாக்கின் குற்றங்களை நான்காகச் சொன்னார்: பொய், கோள், கடுஞ்சொல், பயனற்ற பேச்சு. ஒன்றில் சிக்காத சொல் இன்னொன்றில் சிக்கும். உங்கள் விரல் தட்டிய நேரத்தில் அந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? முகம் மட்டும் தெரியும். அவருடைய முகத்தை மூன்று குழுக்களின் அச்சத்துக்கு நடுவே நிறுத்தினீர்கள்.

புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை ஒன்று மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. அப்போது ராகுலன் சிறுவன். ஏழு வயது என்கிறது உரை. புத்தர் கால் கழுவிய பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்துக் காட்டுகிறார். அறிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவரின் துறவு இவ்வளவுதான் என்கிறார். அதைக் கொட்டுகிறார், பாத்திரத்தைக் கவிழ்க்கிறார், நிமிர்த்தி, வெறுமையாக இருப்பதைக் காட்டுகிறார். விளையாட்டுக்காகக்கூடப் பொய் சொல்லமாட்டேன் என்று பழகு என்கிறார். பிறகு, ‘கண்ணாடி எதற்குப் பயன்படுகிறது?’ என்று கேட்கிறார். ‘பார்ப்பதற்கு’ என்கிறான் மகன். அப்படியே ஒவ்வொரு செயலையும் ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை பார்க்க வேண்டும்: செய்வதற்கு முன், செய்யும்போது, செய்த பின். இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா?

அசோகர் இந்த உபதேசத்தைத் தனியே பெயர் சொல்லிக் கல்லில் பொறித்திருக்கிறார். ராஜஸ்தானில் பைராட் என்னும் இடத்தில் கிடைத்த கல்வெட்டு அது. துறவியரும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டும் என்று அவர் விரும்பிய ஏழு பகுதிகளில், ‘பொய்யைப் பற்றி ராகுலனுக்குச் சொன்னது’ ஒன்று. கலிங்கப் போரின் மரணங்களைக் கண்ட ஒரு மன்னர், ஒரு சிறுவனுக்குச் சொல்லப்பட்ட பாடத்தைத் தம் மக்களுக்குத் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

‘செய்வதற்கு முன்’ என்னும் கண்ணாடியை நீங்கள் தவறவிட்டீர்கள். ‘செய்த பின்’ என்பது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. செய்த சொல் தீங்கானது என்று தெரிந்தால் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, இனி அடக்கத்துடன் இருக்க வேண்டும் என்கிறது அதே சுத்தம், அதாவது அந்த உபதேசம். செய்தியை அழித்துவிட்டு மௌனமாக இருப்பது இதில் சேராது. அதே மூன்று குழுக்களில், ‘நான் அனுப்பியது பொய்ச் செய்தி, விசாரிக்காமல் அனுப்பினேன்’ என்று உங்கள் பெயரோடு எழுதுங்கள். ‘தவறுதலாகப் பகிரப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்ள வேண்டாம். அந்த மனிதர் சம்மதித்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, மாணவர்களின் சுற்றுலாப் பணத்தில் ஒரு சக ஆசிரியர் கைவைத்துவிட்டதாக ஒரு பேச்சு எழுந்தது. ஓய்வறையில் நானும் இரண்டு பேரிடம் சொன்னேன். ‘கேள்விப்பட்டேன்’ என்ற சொல்லை முன்னால் வைத்துக்கொண்டேன். அது எனக்குக் கேடயமாக இருந்தது. கணக்கில் ஒரு காசும் குறையவில்லை என்பது பிறகு தெரிந்தது. அவர் அதற்குள் மாற்றல் வாங்கிப் போய்விட்டார். பதினொரு ஆண்டுகள் கழித்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பதில் எழுத வேண்டிய கடமை அவருக்கு இல்லை. நீங்கள் பதினொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அளவோடு குடிப்பவன் நான். யாரையும் துன்புறுத்துவதில்லை. ஐந்தாம் சீலம் எனக்கும் தேவையா? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: சாகதர் என்னும் பிக்குவின் கதை துறவியரின் ஒழுக்க நூலான விநயத்தில் இருக்கிறது. கொடிய நாகத்தையே அடக்கியவர் அவர். கோசம்பி நகரத்து மக்கள் அன்பின் மிகுதியால் வீடுவீடாக அவருக்கு மது கொடுத்தார்கள். நகர வாயிலில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்து கிடத்தினால், புத்தர் இருந்த பக்கமே காலை நீட்டிப் புரண்டு படுத்தார். முன்பு இவர் என்னிடம் மரியாதையோடு இருந்தாரா, இப்போது இருக்கிறாரா, நாகத்தை வென்றவரால் இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்பை வெல்ல முடியுமா என்று மற்றவர்களைக் கேட்டார். பிறகு, சாகதர் குடித்தது தகாது என்று சொல்லி, துறவியர் மது அருந்தக் கூடாது என்று விதி வகுத்தார். கொடுத்தவர்கள் நல்லவர்கள், குடித்தவரும் நல்லவர் என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் தந்தை எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனாலும் மாலையில் வாசற்கதவு திறக்கும் ஓசையை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று நானும் என் அக்காவும் கணித்துவிடுவோம். யாரையும் துன்புறுத்தவில்லை என்றுதான் அவரும் கடைசிவரை நம்பினார். உங்கள் வீட்டில் கதவு திறக்கும்போது உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். உங்கள் அளவு என்ன என்பதை அவர்கள்தாம் சொல்ல முடியும்.

கேள்வி: சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். எட்டு ஆண்டுகளாக என்னிடம் வேலை செய்தவர் பொருள்களைத் திருடி விற்றுவிட்டார். காவல் துறையில் ஒப்படைத்தேன். தொழில் மந்தம், சம்பளம் இரண்டு மாதம் நிலுவையில் இருந்தது உண்மைதான், அதற்காகத் திருடலாமா? பௌத்தம் மன்னிக்கச் சொல்கிறதா? (தொழில்முனைவோர் ஒருவர்)

பதில்: திருடலாமா என்றால், கூடாது. அவர் இரண்டாம் சீலத்தை மீறினார். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதச் சம்பள நிலுவை. இரண்டாம் சீலத்தின் பாலிச் சொல் ‘அதின்னாதானா’, கொடுக்கப்படாததை எடுப்பது. அவர் இரண்டு மாத உழைப்பைச் சம்பளத்துக்காகக் கொடுத்தார். சம்பளம் வராதபோது அந்த உழைப்பு உங்களுக்குக் கொடுக்கப்பட்டதா, உங்களால் எடுக்கப்பட்டதா? அவருடைய களவுக்குக் காவல் நிலையம் இருக்கிறது. உங்களுடையது தொழில் மந்தம் என்ற பெயரில் கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தீக நிகாயத்தில் சக்கரவர்த்தி சீகநாத சுத்தம் என்று ஒன்று உண்டு. ஒரு மன்னன் எல்லாக் கடமையும் செய்தான், இல்லாதவர்களுக்குப் பொருள் கொடுப்பதை மட்டும் விட்டான். வறுமை பெருகியது, வறுமையால் களவு வந்தது. முதல் திருடன் ‘பிழைக்க வழியில்லை’ என்றதும் மன்னன் பொருள் கொடுத்தனுப்பினான். செய்தி பரவி, பொருளுக்காகவே பலர் திருடினார்கள். பிறகு மன்னன் தலையை வெட்டத் தொடங்கினான். திருடர்களும் ஆயுதம் ஏந்திக் கொல்லக் கற்றார்கள். பிறகு களவை மறைக்கப் பொய் வந்தது. பிடிபட்ட பின் காட்டிய கருணையும் தோற்றது, கடுமையும் தோற்றது. தவறு அதற்கெல்லாம் முன்பே நடந்துவிட்டது. சமூகக் குற்றங்களைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிய பழைய நூல் வேறொன்றை நான் படித்ததில்லை.

சிகாலோவாத சுத்தத்தில் முதலாளியின் கடமைகளாக ஐந்து சொல்லப்படுகின்றன: வலிமைக்கு ஏற்ற வேலை தருவது, உணவும் ஊதியமும் கொடுப்பது, நோயில் பேணுவது, சிறப்பாகக் கிடைத்ததைப் பகிர்வது, உரிய நேரத்தில் விடுப்புத் தருவது. விடுப்பைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். நீங்கள் இந்த வாரமே அவருடைய குடும்பத்திடம் அந்த இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்துவிடுங்கள். மற்றத் தொழிலாளர்களுக்கும் நிலுவை இருந்தால் அதையும்தான். மன்னிப்பைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

கேள்வி: இணையவழிச் சூதாட்டச் செயலி ஒன்றில் மென்பொருளாளராக இருக்கிறேன். விளையாட்டை விட்டுப் போனவர்களை எந்த நேரத்தில் எந்த அறிவிப்பு அனுப்பினால் திரும்ப வருவார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை. நான் சூதாடுவதில்லை. இதில் எந்தச் சீலம் மீறப்படுகிறது? (மென்பொருளாளர்)

பதில்: இல்லறத்தார் செய்யக் கூடாத வணிகங்கள் என்று ஐந்தை அங்குத்தர நிகாயம் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மயக்கும் பொருள், நஞ்சு. சூதாட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. சிகாலோவாத சுத்தம் சூதாடுபவனுக்கு வரும் கேடுகள் ஆறினைச் சொல்கிறது. வென்றால் பகை, தோற்றால் புலம்பல், பொருள் அழிவு, அவையில் சொல் எடுபடாமை, நண்பர்களின் இகழ்ச்சி, பெண் கொடுக்க யாரும் முன்வராமை. அதுவும் ஆடுபவனைப் பற்றியது. ஆட்டுவிப்பவனைப் பற்றி நேரடியாக ஒன்றும் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதிய ‘எந்த நேரத்தில்’ என்ற சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை. பணத்தை அவராகத்தானே கொடுக்கிறார் என்று உங்கள் நிறுவனம் சொல்லும். ஒருவர் விழிப்போடு கொடுத்தால்தான் அது கொடை. அவருடைய விழிப்பு எந்த மணிக்குத் தளர்கிறது என்று அளந்து, அந்த மணிக்குக் கதவைத் தட்டுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். இது கொடாததை எடுத்தல் என்பது என் துணிபு. ஐந்தாம் சீலத்தையும் தொடுகிறது. மதுவை அந்தச் சீலம் விலக்குவதற்குச் சொல்லும் காரணமே ‘பமாதட்டானா’, அதாவது விழிப்பின்மைக்கு இடமாகிறது என்பதுதான். வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் அந்தச் சீலத்தை விரித்து, நாம் பார்ப்பவையும் கேட்பவையும்கூட உட்கொள்பவையே என்று சேர்த்துக்கொண்டதை நான் சரியென்றே கருதுகிறேன்.

நாளையே வேலையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் கடன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. வேறு வேலை தேடத் தொடங்கும் நாளை மட்டும் இன்றே குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை, விட்டுப் போனவர்களைத் திரும்ப இழுக்கும் பணியிலிருந்து மாற்றித் தரும்படி கேளுங்கள். அவர்கள் உங்களிடமிருந்து தப்பிப் போனவர்கள்.

கேள்வி: ஐயா, பிரிந்துபோன நண்பர் ஒருவர், நாங்கள் நெருக்கமாக இருந்தபோது எடுத்த படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறார். புகார் கொடுத்தால் அவருடைய எதிர்காலம் அழியும். அவருக்கு வயதான அம்மா இருக்கிறார். தியான வகுப்பில் பொறுமையும் எல்லோரிடமும் அன்பு கொள்ளும் மைத்ரியும்தான் சொல்லித் தருகிறார்கள். நான் என்ன செய்வது? (இருபத்து நான்கு வயது வாசகி)

பதில்: மகளே, முதலில் ஒன்று. படம் எடுக்கச் சம்மதித்தது உன் குற்றம் இல்லை. நம்பிக்கையோடு ஒருவருக்குக் கொடுத்ததை அவர் எல்லோருக்கும் காட்டுவேன் என்கிறார். அது கொடுக்கப்படாதது. மூன்றாம் சீலத்தையும் அவரே மீறுகிறார். பழைய சுத்தங்கள் அந்தச் சீலத்தை விளக்கும்போது, தாயின் காவலில் இருப்பவள், தந்தையின் காவலில் இருப்பவள் என்று பெண்களைப் பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியல் அதன் காலத்துக்கு உரியது; பெண் தன் காவலில் தானே இருப்பாள் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை. சம்மதத்தை மீறிக் காமத்தை ஆயுதமாக்குவது தவறு என்பதை அந்தச் சீலத்தின் உயிராக எடுத்துக்கொள்கிறேன். உன் சம்மதம் உன்னுடையது.

பொறுமையைப் பற்றிக் கேட்டாய். அங்குலிமாலனின் கதையை உன் வகுப்பில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். கொலைகாரன் அவன், புத்தரின் பின்னால் ஓடி வந்து ‘நில்’ என்கிறான். ‘நான் நின்றுவிட்டேன், அங்குலிமாலா, நீயும் நில்’ என்கிறார் புத்தர். கருணையின் முதல் சொல்லாக அவன் கேட்டது ‘நில்’ என்பதுதான். தீங்கைத் தொடர விடுவதைப் புத்தர் பொறுமை என்று சொன்னதில்லை. பின்னாளில் அவன் பிக்குவாகிப் பிச்சைக்குப் போகும்போது கல்லும் கழியும் மேலே விழுந்து, தலை உடைந்து இரத்தம் ஒழுக வந்து நிற்கிறான். அப்போதும், செய்ததன் விளைவைத் தாங்கிக்கொள் என்றுதான் புத்தர் சொல்கிறார். திருந்தியவனுக்கும் விளைவிலிருந்து அவர் விலக்குத் தரவில்லை. உன்னை மிரட்டுபவர் இன்னும் நிற்கவே இல்லை.

அவருடைய எதிர்காலத்தையும் அவருடைய அம்மாவையும் நினைக்கிறாய். அந்த மனம் உன்னிடம் இருப்பதை மதிக்கிறேன். மைத்ரி பாவனையை ‘நான் நலமாக இருப்பேனாக’ என்றுதான் தொடங்கச் சொல்கிறார்கள். அந்த முதல் வரியைத் தாண்டிப் போய்விட்டாய். உன் அம்மாவும் இருக்கிறார்.

அவர் அனுப்பிய எந்தச் செய்தியையும் அழிக்காதே. தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து, இன்னொரு இடத்திலும் சேமித்து வை. பணமோ சந்திப்போ கேட்டால் எதற்கும் இணங்காதே. நீ முழுமையாக நம்பும் ஒருவரிடம் இன்று இரவே சொல்லிவிடு. அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நாளை போய்ப் புகார் கொடு. பல நாடுகளில் இப்படி மிரட்டுவதே குற்றம். படம் வெளியாகும்வரை நீ காத்திருக்கத் தேவையில்லை. உன் கடிதத்தின் உறையில் முகவரி இருந்தது. இந்தப் பதில் அச்சாகும் முன்பே உனக்குக் கிடைக்க வேண்டும் என்று தனியாகவும் எழுதி அனுப்பியிருக்கிறேன். புகார் கொடுத்ததும் ஒரு வரி எழுது.